பேர் போடும் வரிசை

ஸ்பெஷல் நாடகத்துக்குக் குழு கிடையாது. வெளியூர் ஆட்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் புதுக்கோட்டைக்காரர். பபூன் காரைக்குடி, டான்ஸ் திண்டுக்கல், ஆர்மோனியம் மணப்பாறைப் பக்கம். ஒத்திகை இல்லை, கம்பெனி முதலாளி இல்லை, கையில் வசனப் பிரதியும் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் ஏதோ ஒரு கிராமத்தில், மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசும் இடத்தில், ஒருவருக்கொருவர் வணக்கம் வைக்கும்போதுதான் சேர்கிறார்கள். விடிந்ததும் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பஸ். அப்படிப்பட்டவர்கள் அத்தனை பேரும் நாடகத்துக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே ஓரிடத்தில் கூடிவிடுகிறார்கள் என்றால், அது நோட்டீசில்தான். அந்த நோட்டீசை அடிப்பது என் தொழில்.

புதுக்கோட்டை ராஜ வீதிகளை ஒட்டிய சின்ன அச்சகங்களில் ஒன்று எங்களுடையது. கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், காதணி விழா அழைப்பு, கண்ணீர் அஞ்சலி என்று வருசம் முழுக்க ஏதாவது ஓடும். மாசி பிறந்துவிட்டால் நிலைமை வேறு. திருவப்பூர் மாரியம்மனுக்குப் பூச்சொரிதல் ஆரம்பிக்கும். பங்குனியில் நார்த்தாமலை, கொன்னையூர். அதைத் தொடர்ந்து ஆலங்குடி, அறந்தாங்கி, திருமயம், பொன்னமராவதி வட்டாரங்களில் ஊருக்கு ஊர் காப்புக் கட்டுவார்கள். வைகாசி கழியும்வரை வேறு வேலையைக் கையில் எடுக்க முடியாது.

திருவிழா நோட்டீஸ் வேறு, நாடக நோட்டீஸ் வேறு. திருவிழா நோட்டீஸ் நீளமானது. முதல் நாள் யார் மண்டகப்படி, எந்த வாகனம், அன்றிரவு என்ன கலைநிகழ்ச்சி என்று நாள்வாரியாகப் போகும். கரகாட்டம் ஒரு நாள், பட்டிமன்றம் ஒரு நாள், இன்னிசைக் கச்சேரி ஒரு நாள், திரை கட்டிப் படம் ஒரு நாள். எண்பதுகளின் பின்பாதியில் திரை போய் 'டெக்' வந்தது. வாடகை டி.வி.யில் விடிய விடிய மூன்று படம் என்று போடச் சொல்வார்கள். என்ன படம் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. அன்றைக்கு எந்த கேசட் கிடைக்கிறதோ அது. கரகாட்டத்துக்கும் படத்துக்கும் ஆளுக்கொரு வரி போதும். நாடகத்துக்கு மட்டும் தனி நோட்டீஸ், அதில் மட்டும் ஆள் படம்.

வேலை எங்களிடம் வந்து சேரும் வழியைச் சொல்லிவிடுகிறேன். மதுரை, காரைக்குடி, திண்டுக்கல் போலவே புதுக்கோட்டையிலும் நாடக நடிகர்களுக்குச் சங்கம் உண்டு. ஊர்க் கமிட்டி ஆட்கள் அமைப்பாளரைத் தேடிப் போவார்கள். அவரை ஏஜெண்ட் என்றும் சொல்வதுண்டு. வெற்றிலை பாக்கில் பணம் வைத்து நாளைச் சொன்னால், அவர் தன் டைரியைப் புரட்டி, யார் யாருக்கு அன்றைக்குத் தேதி இருக்கிறது என்று பார்த்துச் செட் சேர்ப்பார். நடிகர் தன் டைரியில் அந்த ஊரின் பெயரை எழுதிவிட்டால் தேதி கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். பிறகு வேறு ஊர் கூடுதல் பணம் காட்டினாலும் போகக் கூடாது. போனால் சங்கத்தில் பஞ்சாயத்து. அந்தப் பட்டியலைக் கோடு போட்ட தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கமிட்டியில் ரெண்டு பேர் எங்களிடம் வருவார்கள். "தம்பி, போன வருசம் அடிச்ச மாதிரியே அடிங்க, பேரை மட்டும் மாத்துங்க" என்பார் அதில் மூத்தவர். போன வருச நோட்டீசையும் மடித்துக் கொண்டுவந்திருப்பார்.

நான் கம்போசிங் கற்றுக்கொண்டது ஒரு ஐயாவிடம். ஸ்டிக்கை இடது கையில் பிடித்து, கேஸைப் பார்க்காமலே எழுத்தை எடுத்து, தலைகீழாக அடுக்கிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். எம்.ஜி.ஆர். அரசு 1978ல் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தம் அப்போது பள்ளிப் புத்தகத்துக்கு வந்துவிட்டது, எங்கள் கேசுக்கு வரவில்லை. டைப்பை எடை போட்டு விலைக்கு வாங்க வேண்டும். அரசாணை வந்த வேகத்தில் ஈயத்தை மாற்ற எந்தச் சின்ன அச்சகத்துக்கும் வசதி இல்லை. அதனால் துதிக்கை போட்ட பழைய லை, னை எங்கள் நோட்டீசில் இன்னும் பல வருசம் ஓடிற்று. ஐயா சில வரிகளைக் கலைக்காமல் கட்டியே வைத்திருப்பார். எங்கள் பகுதி 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்தது, திருச்சி ஜில்லாவில் சேர்ந்தது, 1974 ஜனவரியில் தனி மாவட்டமானது. அந்தக் கட்டுக்குள் 'புதுக்கோட்டை சமஸ்தானம்' என்று ஒரு வரியும் 'திருச்சி ஜில்லா' என்று ஒரு வரியும் தூசி பிடித்துக் கிடந்தன. எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "சமஸ்தானம் திரும்பி வராதுன்னு உனக்கு யார் சொன்னா" என்றார்.

நோட்டீசின் தலைப்பகுதி யார் வேண்டுமானாலும் கோர்த்துவிடக்கூடியது. அம்மன் துணை, தமிழ் ஆண்டின் பெயர், தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை, ஊர், அஞ்சல், வட்டம். அப்புறம் நாடகத்தின் பெயர். அது முக்கால்வாசி வள்ளி திருமணமாகத்தான் இருக்கும். பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, அரிச்சந்திரா எல்லாம் வரும். ஆனாலும் கோயில் விழாவென்றால் விடியும்போது ஒரு கல்யாணத்தோடு முடிவதை ஊர் விரும்பும். இந்த நாடகங்களுக்கு அடித்தளம் போட்டவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867ல் பிறந்து 1922ல் மறைந்தவர், நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதியவர், 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியவர். சங்கத்துக் கலைஞர்கள் அவரைக் குருவாக வைத்து வருசாவருசம் பூஜை செய்கிறார்கள். நோட்டீசில் அவர் பெயர் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருந்தால் அதிகம். கதையும் பாட்டும் ஊருக்குத் தெரியும். அன்றைக்கு நாரதராக வருபவர் வள்ளியை எப்படி மடக்கப்போகிறார், வள்ளி என்ன பதில் கொடுக்கப்போகிறாள், அந்தத் தர்க்கம் எத்தனை மணி நேரம் போகும் என்பதற்குத்தான் கூட்டம். ஆகவே நோட்டீசைக் கையில் வாங்குகிறவன் தலைப்பைத் தாண்டி நேராகப் படங்களுக்குத்தான் வருவான்.

அங்கேதான் எங்கள் பாடு.

மேல் வரிசையில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும். அடுத்து நாரதர். அடுத்து பபூனும் டான்சும். கடைசியில் வாத்தியக்காரர்கள்: ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட், டோலக். மேடையில் நடப்பது கிட்டத்தட்ட இதற்கு நேர் எதிர். முதலில் உட்கார்ந்து கடவுள் வாழ்த்துப் பாடிக் கச்சேரியைத் தொடங்குபவர்கள் வாத்தியக்காரர்கள். பிறகு பபூன், அவரோடு டான்ஸ். ராஜபார்ட் மேடைக்கு வரும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். ஆர்மோனியக்காரர் இரவு முழுக்க இறங்காமல், எல்லாருக்கும் பின்பாட்டுப் பாடி, அடி தெரியாதவர்களுக்கு அடி எடுத்துக் கொடுத்து, ஒத்திகையே இல்லாத நாடகத்தை இழுத்துக்கொண்டு போவார். நோட்டீசில் அவருக்கு இடம் கீழே. இது நியாயமில்லை என்பது என் கட்சி. ஆனால் வரிசையை மாற்றும் அதிகாரம் அச்சகத்துக்கு இல்லை.

சூசன் சைஸர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் மதுரையில் தங்கி ஸ்பெஷல் நாடகத்தைப் பற்றி எழுதிய ஆங்கிலப் புத்தகம் 2005ல் வந்தது. இந்த நோட்டீசுகளின் படவரிசைக்காகவே அதில் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார் என்று ஒரு கல்லூரி ஆசிரியர் காட்டினார். யார் மேலே, யார் கீழே, யாருக்குப் பெரிய சட்டம் என்று நாங்கள் டீ குடித்துக்கொண்டே சண்டை போட்ட விசயம் அங்கே அடிக்குறிப்போடு ஆராய்ச்சியாகியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

படம் போடுவதற்கு அன்றைக்கு பிளாக் வேண்டும். நல்ல போட்டோவைக் கொடுத்து ஹாஃப்டோன் பிளாக் எடுத்து, கட்டையில் அடித்து வாங்கி வர வேண்டும். காசு பிடிக்கும் சமாச்சாரம். அதனால் நடிகர்கள் ஒருமுறை எடுத்த பிளாக்கைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருப்பார்கள், இல்லையென்றால் எங்களிடமே விட்டுவைப்பார்கள். இருபத்தைந்து வயதில் எடுத்த பிளாக்கிலேயே ஐம்பது வயதுவரை ஓட்டிய ராஜபார்ட்டுகள் உண்டு. நோட்டீசைப் பார்த்து வந்த சனம் மேடையில் ஆளைப் பார்த்து, "இவரோட அப்பாவா வந்திருக்காரு?" என்று கேட்ட கதை எங்கள் வட்டாரத்தில் பிரபலம். பெண் கலைஞர்களில் சிலர் வேறொன்று கேட்பார்கள். ஊர்ப் பெயரோடு நிறுத்துங்கள், தெருப் பெயர் போடாதீர்கள் என்பார்கள். ராத்திரி மேடையில் கைதட்டுகிற ஊர், பகலில் வீட்டு வாசலில் நிற்கும்போது வேறு கண்ணோடு பார்க்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு ஸ்திரீபார்ட் அக்கா சொன்னார்: "எம் பேரு ஊரெல்லாம் ஒட்டட்டும் தம்பி. எம் பிள்ளைக படிக்கிற பள்ளிக்கூடத்துச் சுவத்துல மட்டும் ஒட்ட வேணாம்னு கமிட்டிக்காரவுககிட்ட சொல்லிருங்க." கமிட்டியிடம் சொன்னேன். மைதாப் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போகும் பையன்களுக்கு அது எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்ததோ.

பெரிய சிக்கல், ஒரே நோட்டீசில் சம அந்தஸ்துள்ள ரெண்டு ராஜபார்ட் வரும்போது. முன்பாதி ஒருவர், பின்பாதி ஒருவர். ரெண்டு பேருக்கும் ரசிகர்கள், ரெண்டு பேருக்கும் பட்டம். படத்தை ஒரே உயரத்தில் வைக்கலாம், பெயரை ஒரே பாயின்டில் கோர்க்கலாம். ஆனால் கண் இடமிருந்து வலமாகத்தானே போகும்? இடப்பக்கத்தில் இருப்பவர் பெரியவராகிவிடுவார். ஐயா கண்டுபிடித்த வழி இது. பாதி நோட்டீஸ் ஓடியதும் டிரெடிலை நிறுத்தி, சேசைத் தளர்த்தி, ரெண்டு பிளாக்கையும் பெயர்களையும் இடம் மாற்றிப் பூட்டி, மீதிப் பாதியை அடிப்பார். மஞ்சள் தாளில் ஒருவர் இடப்பக்கம், ரோஸ் தாளில் மற்றவர் இடப்பக்கம். அவரவர் ஊர்ப்பக்கம் அவரவர் நிறம் போகும். மேடையில் ரெண்டு பேரும் தழுவிக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டோம். தாளின் நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

நோட்டீசின் அடியில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். விளம்பரத்துக்குப் போட்டுக்கொள்கிறோம் என்று நினைப்பார்கள். அச்சிட்ட தாள் எதுவானாலும் அச்சடித்தவன் பெயரும் இடமும் அதில் இருக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். அதுவும் 1867தான், சுவாமிகள் பிறந்த அதே வருசம். நாடகத்துக்கென்றே இன்னொரு சட்டம் 1876ல் வந்தது. அதற்குப் பதிலாக 1954ல் நம் மாநிலமே ஒரு நாடகச் சட்டம் போட்டது. அதன் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று பத்திரிகையாளர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013ல் தீர்ப்புச் சொன்னது. நாடகத்தில் ஆட்சேபகரமாக எதுவும் இருக்கிறதா என்று முன்கூட்டியே பிரதி வாங்கிப் பார்ப்பதற்கு வழிசெய்த சட்டம் அது. ஸ்பெஷல் நாடகத்துக்குப் பிரதி ஏது? பபூன் அன்றைக்கு ஊருக்குள் நுழையும்போது டீக்கடையில் காதில் விழுந்ததைத்தான் மேடையில் பேசுவார். எழுத்தில் இருப்பது நாங்கள் அடித்த நோட்டீஸ் ஒன்றுதான்.

சினிமா நோட்டீசும் அடித்திருக்கிறோம். டூரிங் டாக்கீஸ் இருந்த காலத்தில் படம் மாறும்போதெல்லாம் வேலை வரும். மாட்டு வண்டியில் தட்டி கட்டி, கொட்டடித்துப் போய், பையன்கள் பின்னால் ஓட ஓட வீசுவார்கள். அந்த நோட்டீசின் இலக்கணம் முற்றிலும் வேறு. பாட்டுப் புத்தகத்தில் உள்ளதுபோலக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்து, கதாநாயகி ஆபத்தில் மாட்டும் இடத்தில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடிக்க வேண்டும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில் கொட்டகை மேனேஜர்களுக்குத் தனித் திறமை உண்டு. நாடக நோட்டீஸ் கதையைச் சொல்வதே இல்லை, ஆளைத்தான் சொல்லும். ஒன்று தெரியாத கதைக்கு ஆள் சேர்க்கிறது, மற்றது தெரிந்த கதைக்கு.

ரெண்டு உலகத்துக்கும் பாலமாக எங்கள் ஊரில் ஒருவர் இருந்தார். பி.யு. சின்னப்பா 1916ல் புதுக்கோட்டையில் பிறந்தவர், நாடக நடிகரின் மகன். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாக நடித்து, ஸ்பெஷல் நாடக மேடைகளில் பாடி, 1936ல் சந்திரகாந்தா மூலம் சினிமாவுக்குப் போனார். 1940ல் உத்தமபுத்திரனில் இரட்டை வேடம், 1942ல் கண்ணகி, 1944ல் ஜகதலப்பிரதாபனில் பாட்டு ஒருவர் வாத்தியம் ஒருவர் என்று ஐந்து சின்னப்பாக்கள் ஒரே திரையில். அந்தக் காட்சி எனக்கு எப்போது பார்த்தாலும் ஸ்பெஷல் நாடக மேடையைத்தான் நினைவூட்டும். பின்பாட்டு, மிருதங்கம், ராஜபார்ட் எல்லாம் தானே ஆகிவிட வேண்டும் என்பது மேடையில் நின்ற எந்த நடிகனுக்கும் உள்ளூர இருக்கிற ஆசை. 1951ல், முப்பத்தைந்து வயதில், சொந்த ஊரிலேயே போய்விட்டார். இன்றைக்கும் எங்கள் பக்கத்து ராஜபார்ட்டுகள் சிலர் மேடையில் அவர் பாணியில் குரலை மேலே நிறுத்திக் காட்டுவார்கள், வயதானவர்கள் எழுந்து வந்து சட்டையில் பத்து ரூபாய் குத்துவார்கள்.

1991ல், எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட கதை நாடெங்கும் போயிற்று. அதற்குப் பின்னால் கலைப்பயணம் என்று ஒன்று இருந்தது பலருக்குத் தெரியாது. பாட்டும் வீதி நாடகமும் போட்டுக்கொண்டு இளைஞர்கள் கிராமம் கிராமமாகப் போனார்கள். மேடை இல்லை, சீன் இல்லை, அரிதாரம் இல்லை. அதற்கு நோட்டீஸ் கேட்டு வந்த பையன்கள் ஆள் படமே வேண்டாம் என்றார்கள், நடிப்பவர்கள் பெயர்கூட வேண்டாம். எழுத்து மட்டும் பெரிதாக இருக்க வேண்டும், சொற்களுக்கு இடையில் நல்ல இடைவெளி வேண்டும். எனக்கு வியப்பாக இருந்தது. பெயரில்லாமல் ஒரு நாடக நோட்டீசா!

அடுத்தடுத்த திருவிழாக்களில் ஒரு மாற்றம் வந்தது. வடகாடு, கீரமங்கலம் பக்கத்திலிருந்து கமிட்டி ஆட்களோடு ஒரு பெண்ணும் வந்திருந்தார், பூ வியாபாரம் செய்பவர். புரூஃப் தாளைக் கையில் வாங்கி, ஒவ்வொரு படத்துக்கும் கீழே விரலை வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். அதுவரை பெண்கள் படத்தைப் பார்த்து 'இன்னார் வருகிறார்' என்று அடையாளம் சொல்வார்கள், பெயரை ஆண்கள் படித்துச் சொல்ல வேண்டும். அவர் கடைசிவரை போனார். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக் என்று அடிவரிசையையும் விடவில்லை. நன்கொடையாளர் பட்டியலுக்கு வந்ததும் நிறுத்தி, "எம் பேரு எங்க? இவரு பேருதான இருக்கு. பூவுக்குக் காசு நான்ல குடுத்தேன்" என்றார். பக்கத்தில் நின்ற கணவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். பெயரை மாற்றிக் கோர்த்தேன்.

இன்னொரு வகை வேலையும் உண்டு. நகர்மன்றத்தில் நடக்கும் இலக்கியக் கூட்டம், கலை இரவு, தமுஎகச போன்ற அமைப்புகள் நடத்தும் உலகத் திரைப்பட விழா. இலக்கியக் கூட்டத்து அழைப்பிதழில் வரிசைச் சண்டை நாடக நோட்டீசைவிட மோசம், ஆனால் வெளியில் தெரியாது. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை. முன்னிலையிலேயே ஒன்பது பேர் இருப்பார்கள். ராஜபார்ட் நேரில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போய்விடுவார். எழுத்தாளர் சத்தம் போட மாட்டார், கூட்டத்துக்கு வராமல் இருந்துவிடுவார்.

திரைப்பட விழாப் பட்டியல் எனக்குப் பிடித்த வேலை. படத்தின் பெயர், நாடு, வருசம், இயக்குநர், எத்தனை நிமிடம். பைசைக்கிள் தீவ்ஸ், இத்தாலி, 1948, விட்டோரியோ டி சிகா. பதேர் பாஞ்சாலி, இந்தியா, 1955, சத்யஜித் ரே. சில்ட்ரன் ஆஃப் ஹெவன், ஈரான், 1997, மஜித் மஜிதி. இங்கே கதையும் தெரியாது, ஆளும் தெரியாது. எதைப் பார்த்து ஒருவன் வருவான்? அமைப்பாளர் தோழரிடம் கேட்டேன். நாடும் வருசமும் போட்டால் போதும், வருகிறவர்கள் வருவார்கள் என்றார். எனக்கு அது போதவில்லை. சைக்கிளைப் பறிகொடுத்த ஒருவன், வேலை போய்விடுமே என்று மகனோடு ஊரெல்லாம் தேடுகிறான் என்று ஒரு வரி சேர்த்துப் போடச் சொன்னேன். பெண்கள் சைக்கிள் ஏறியதே செய்தியாகிப் போன மாவட்டம் இது. அந்த ஒரு வரிக்கு இங்கே ஆள் வரும். தோழர் யோசித்துவிட்டுச் சரி என்றார். டூரிங் டாக்கீஸ் மேனேஜர்களிடம் படித்த பாடம் வீணாகவில்லை.

நேரத்தைப் போடுவதில்தான் இப்போது தயக்கம். 'இரவு 10 மணிக்கு' என்பது நாடக நோட்டீசின் மாறாத வரி. 2000ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலங்களுக்கு வருசத்தில் 15 நாள், அதுவும் நள்ளிரவு 12 வரை, மாநில அரசு தளர்த்தலாம். வள்ளி திருமணம் தொடங்கும் நேரமும் ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டிய நேரமும் ஒன்றாகிவிட்டன. ஊருக்கு ஊர் நடைமுறை வேறு. அனுமதி வாங்கிய விவரத்தை நோட்டீசிலேயே போடச் சொல்லும் கமிட்டிகள் உண்டு, நேரம் இருக்கும் இடத்தைக் காலியாக விடச் சொல்பவர்களும் உண்டு. பக்கத்து வீட்டில் நோயாளி இருக்கிறார், பரிட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிறது என்பதெல்லாம் நியாயம்தான். ஆனால் எட்டு மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடிக்கச் சொன்னால் பபூனும் டான்சும்தான் மிஞ்சுகிறார்கள். தர்க்கம் அரை மணியில் முடிகிறது, முருகன் அவசர அவசரமாகத் தாலி கட்டுகிறார். இந்த நாடகத்தின் நீளம் இரவின் நீளம். குறைத்தால் உதிர்வது சுவையான பகுதிதான்.

டிரெடிலைப் பழைய இரும்புக்குப் போட்டோம். ஆஃப்செட் வந்தது, சிவகாசியில் அடித்தால் மலிவு என்று கொஞ்ச காலம் ஓடியது, அப்புறம் ஃபிளெக்ஸ். இப்போது பெரும்பாலும் கணினியில் வடிவமைத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். தாளில் இருநூறு முந்நூறு அடித்தால் அதிகம், ஊர்ப் பெரியவர்களுக்குக் கையில் கொடுக்க. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் செல் நம்பர். மேடைக்கு முன்னால் கேமராவை நிறுத்தி முழு இரவையும் யூடியூபில் போடுகிறார்கள், 'நேரலை' என்ற சொல்லும் சேனலின் முத்திரையும் நோட்டீசில் ஏறிவிட்டன. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பையன் சொந்த ஊர் வள்ளி திருமணத்தை அங்கிருந்தே பார்க்கிறான். திரை கட்டிப் படம் போட்ட காலம் போய், மேடையில் நடப்பதே படமாகிவிட்டது. இதனால் தொழில் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நல்ல நாரதரை முன்பு நாலு வட்டத்துக்குத்தான் தெரியும்.

தொழில் கெட்டது 2020ல். மார்ச் 24ஆம் தேதி ஊரடங்கு அறிவித்தபோது பங்குனி நடந்துகொண்டிருந்தது. கட்டுக்கட்டாக அடித்து வைத்த நோட்டீஸ் எடுக்க ஆளில்லாமல் கிடந்தது. தேதி போட்ட தாளை வேறெதற்கும் பயன்படுத்த முடியாது. வைகாசிவரை சம்பாதித்து வருசம் முழுக்கச் சாப்பிடுகிறவர்கள் நாடகக் கலைஞர்கள். அந்த வருசமும் அடுத்த வருசச் சித்திரையும் போயின. சித்தாள் வேலைக்கும் காய்கறி வண்டிக்கும் போனார்கள் சிலர்.

அதற்குப் பிறகு எங்களிடம் புதுவிதமாக ஆள் வரத் தொடங்கினார்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் சேர வேண்டும், நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகைக்கு மனுப் போட வேண்டும், இத்தனை வருசமாகக் கலைஞராக இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். கம்பெனி இல்லாத நாடகத்தில் யார் சான்று கொடுப்பது? சம்பளத்துக்கு ரசீது கிடையாது. கையெழுத்துப் போட முதலாளி கிடையாது. மிச்சம் இருப்பது நோட்டீஸ். ஒவ்வொரு வேலையிலும் ரெண்டு பிரதி ஆபீஸ் காப்பியாகக் கம்பியில் குத்தி வைப்பது ஐயா சொல்லிக்கொடுத்த வழக்கம். கணக்குக்காக வைத்தது, இப்படி உதவும் என்று நினைக்கவில்லை.

ராஜபார்ட்டுகளுக்கும் ஸ்திரீபார்ட்டுகளுக்கும் எடுத்துக் கொடுப்பது சுலபம், பெயரும் படமும் பளிச்சென்று இருக்கும். டோலக் வாசிக்கும் ஒருவர் வந்தார். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்துப் பார்த்தோம். பல நோட்டீசுகளில் கீழ்வரிசை 'மற்றும் பக்கவாத்தியங்கள்' என்று முடிந்துபோயிருந்தது. இடம் போதாதபோது முதலில் வெட்டப்படும் வரி அது. இருந்தாலும் சிலவற்றில் அகப்பட்டார், சின்ன எழுத்தில், ஊர்ப் பெயரோடு. நகல் எடுத்துக் கொடுத்தேன். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இந்த வருசமாவது எம் படத்தைப் போடுவீகளா?" என்றார்.

அமைப்பாளரிடம் கேட்டேன். "இப்ப என்ன பிளாக்குக் காசா? போடுங்கண்ணே" என்றார். டோலக்காரர் செல்லில் அனுப்பிய போட்டோ பேத்தி கல்யாணத்தில் எடுத்தது. மாலை, சந்தனம் எல்லாம் இருந்தது. முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, ஆர்மோனியத்துக்கு வலப்பக்கம் வைத்து, கமிட்டிக்கும் கலைஞர்களுக்கும் அனுப்பிவிட்டேன். சாயங்காலமே ஆர்மோனியக்காரரிடமிருந்து போன். தன் படத்தைவிட அந்தப் படம் ஒரு சுற்றுப் பெரிதாகத் தெரிகிறதாம், கொஞ்சம் பார்க்கச் சொன்னார்.